தாயின் பங்கு

நிழலுலகத்தில் இரத்தபந்தம்: அமெரிக்கக் குற்றப்படங்களின் கதை
அத்தியாயம் 14

சென்ற வாரம், நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அடியில், ஆற்றங்கரைப் பாறைகளின் நடுவே வீசியெறியப்பட்டுக் கிடந்த தமையனின் உடலைத் தேடி, விடியற்காலையில் படிப்படியாக இறங்கிக்கொண்டேயிருந்த ஜோ மார்ஸ் என்னும் வக்கீலோடு நாம் விடைபெற்றோம். ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ என்ற அந்த 1948ஆம் வருஷத்துப் படத்தில், எண் சூதாட்டத்துக்குப் பந்தயப் பணம் வசூலிக்கும் ஒரு சின்ன நிலையத்தை நடத்திக் காலந்தள்ளிய அண்ணனைப் பெரும் பணக்காரனாக்கிவிட வேண்டுமென்று தம்பி கொண்ட ஆசையே அண்ணனுக்கு யமனாக முடிந்ததையும், படத்தை எடுத்த ஆபிரகாம் பொலான்ஸ்கி அரசியல் காரணத்தால் ஹாலிவுட்டிலிருந்து விலக்கப்பட்டதையும், அவர் டைரக்ட் செய்த அடுத்த படம் 1969இல்தான் வெளிவந்ததையும் கண்டோம்.

அது சகோதர பாசத்தின் கதை.

அந்தப் படம் வெளிவந்து சுமார் ஒன்பது மாதம் கழித்து, 1949 செப்டம்பரில், வார்னர் பிரதர்ஸ் கம்பெனியார் ‘ஒயிட் ஹீட்’ என்ற படத்தை வெளியிட்டார்கள். அதில் ஒரு மகன் வருகிறான், கொலைகாரன். ஒரு தாய் வருகிறாள். அவள் மகன் செய்த கொலைகளை அறிந்தவள், அவன் அடித்த கொள்ளையில் சரிபாதிப் பங்குக்கு உரியவள். இந்த இருவரையும் புரிந்துகொள்வதற்கு முன்னால், இவர்களுக்கு முந்திய இரண்டு தாய்மாரை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது உசிதம்.

✱

படுக்கை விரித்தவளும் கன்னத்தில் அறைந்தவளும்

1931இல் வெளிவந்த ‘தி பப்ளிக் எனிமி’ படத்தில், சிகாகோ நகரத்துக் கள்ளச்சாராயக் கும்பலில் சேர்ந்து உயர்ந்து வீழும் டாம் பவர்ஸ் என்ற இளைஞனாக நடித்தவர் ஜேம்ஸ் காக்னி. அந்த டாமுக்கு, மகன் எந்தத் தொழிலில் சம்பாதிக்கிறான் என்பதை அறியாத, அறிய விரும்பவும் செய்யாத, கபடமற்ற ஒரு தாய் இருந்தாள். குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மகன் வீடு திரும்புகிறான் என்ற செய்தி கேட்டு, கிராமபோன் பாடிக்கொண்டிருக்க, அவள் மாடியில் அவனுக்காகப் படுக்கையைச் சீர்செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், கீழே வாசற்கதவைத் திறந்த அண்ணன் எதிரில், துணியால் சுற்றிக் கட்டப்பட்டு நிறுத்தப்பட்டிருந்த தம்பியின் பிரேதம் அப்படியே குப்புற விழுகிறது. தாய்க்கு இன்னும் விஷயம் தெரியாது. படம் முடிந்துவிடுகிறது.

1937இல் வில்லியம் வைலர் டைரக்ட் செய்த ‘டெட் எண்ட்’ படத்தில் தாய்க்கு எல்லாம் தெரியும். போலீஸாரின் கண்ணுக்குத் தப்ப முகத்தையே ரண சிகிச்சையால் மாற்றிக்கொண்டு, பல வருஷம் கழித்துப் பழைய சேரிக்குத் தன்னைப் பெற்றவளைப் பார்க்க வரும் பேபிஃபேஸ் மார்ட்டினாக ஹம்ஃப்ரி போகார்ட் நடித்தார். அவனைக் கண்ட தாய், மார்ஜரி மெய்ன், ஓங்கிக் கன்னத்தில் அறைந்து விரட்டுகிறாள். அத்தனை பெரிய ரௌடி அந்த அறையோடு சிறுபிள்ளையாகிக் குன்றிப்போய் நிற்பதைப் பார்க்கும்போது, துப்பாக்கிக் குண்டுகளால் ஆகாத காரியத்தை ஒரு கிழவியின் கை செய்துவிட்டதே என்ற எண்ணம் யாருக்கும் உண்டாகும்.

ஒருத்தி அறியாதவள், மற்றவள் அறிந்து வெறுத்தவள். இவ்விருவரும் தர்மத்தின் பக்கம் நின்றவர்களே. 1934 ஜூலை முதல் ஜோசப் பிரீனின் தலைமையில் கண்டிப்பாக அமலுக்கு வந்த ஹாலிவுட் தணிக்கை விதிகள், குற்றவாளியின் பேரில் ஜனங்களுக்கு அனுதாபம் பிறக்கவே கூடாதென்று விதித்திருந்தபடியால், தாயையாவது மாசற்றவளாக வைத்துக்கொள்வது கதாசிரியர்களுக்குப் பாதுகாப்பான வழியாக இருந்தது.

அறிந்தும் வெறுக்காத தாய், அறிந்து உடன்நின்ற தாய், திரைக்கு வர யுத்தம் முடிய வேண்டியிருந்தது.

ஏனெனில் யுத்த காலத்தில் அமெரிக்காவில் தாய் என்ற ஸ்தானத்துக்கே ஒரு விபத்து நேர்ந்தது. 1942இல் ஃபிலிப் வைலி என்ற எழுத்தாளர் ‘ஜெனரேஷன் ஆஃப் வைப்பர்ஸ்’ என்ற நூலில், பிள்ளைகளைத் தம் முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு அவர்களை ஆண்பிள்ளைகளாக வளரவிடாமல் செய்கிறவர்கள் என்று அந்நாட்டுத் தாய்மார் பேரில் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். 1946இல் எட்வர்ட் ஸ்ட்ரெக்கர் என்ற மனநோய் மருத்துவர், யுத்தத்துக்கு உதவாமற்போன வாலிபர்களின் பலவீனத்துக்கெல்லாம் காரணம் அவர்களைப் பெற்றவர்கள்தாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். இந்த நியாயம் எனக்கு அன்றும் இன்றும் நியாயமாகத் தோன்றவில்லை. புருஷர்கள் நடத்திய யுத்தத்தின் பழியைப் பெண்கள் தலையில் சுமத்தும் ஒரு சௌகரியமாகவே படுகிறது. ஆனால் சினிமா எழுத்தாளர்கள் நியாயம் பார்ப்பவர்கள் அல்லர். காற்று எந்தத் திக்கில் வீசுகிறதென்று பார்ப்பவர்கள். மனோதத்துவம் அப்போது அமெரிக்கப் பட்டணங்களில் பெருவழக்காகப் பேசப்பட்ட சாஸ்திரம். குற்றவாளி ஏன் குற்றவாளியானான் என்று கேட்டால், வறுமை என்றும் வேலையின்மை என்றும் 1931இல் சொன்ன பதிலை 1949இல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அவனுடைய தாயைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள்.

✱

திரும்பி வந்தவர்

இனி காக்னியிடம் வருவோம். ‘யாங்கி டூடுல் டாண்டி’ படத்தில் பின்னால் ஆஸ்கார் பரிசு வாங்கித்தந்த வேஷத்தில் பாடியும் ஆடியும் நடித்த கையோடு, 1942இல் வார்னர் பிரதர்ஸை உதறிவிட்டுத் தம்பி வில்லியமோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார் அவர். ரௌடி வேஷத்திலிருந்து விமோசனம் பெற வேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய ஆசை. 1939இல் ராவுல் வால்ஷ் டைரக்ட் செய்த ‘தி ரோரிங் ட்வென்டீஸ்’ படத்துக்குப் பிறகு அந்த வேஷத்தை அவர் தொடவேயில்லை.

சொந்தக் கம்பெனி தேறவில்லை. வில்லியம் சரோயனின் நாடகத்தை 1948இல் படமாக எடுத்ததில் பலத்த நஷ்டம். ஆகவே, ஏழு வருஷத்துக்கு முன் எந்த வாசல் வழியாக வெளியேறினாரோ அதே வாசல் வழியாக 1949இல் திரும்பி வந்தார். வந்தவருக்கு எந்த வேஷம் வேண்டாமென்று ஓடினாரோ அதே வேஷம் காத்திருந்தது. டைரக்டரும் அதே ராவுல் வால்ஷ். அப்போது காக்னிக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

காக்னியின் சொந்தக் குடும்பத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர் அவர். குடிக்கு அடிமையான தகப்பனார் 1918இன் விஷ ஜுரத்தில் இறந்துபோனார்; தாயார் கேரி என்பவள்தான் பிள்ளைகளைக் கட்டிக்காத்தாள். இரண்டு சகோதரர்கள் வைத்தியர்களானார்கள், ஒரு சகோதரர் தயாரிப்பாளரானார், தங்கை ஜீன் நடிகையானாள். 1945இல் அந்தத் தாய் காலமானாள். தாயை இழந்து நாலு வருஷமான ஒருவர் இந்த வேஷத்தைப் போட்டார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்; நடிகரின் வாழ்க்கையிலிருந்து நடிப்புக்கு நேர்க்கோடு கிழிக்கும் விமரிசனத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மூலக்கதை வர்ஜீனியா கெல்லாக் எழுதியது. அதைத் திரைக்கதையாக்கியவர்கள் ஐவன் காஃப், பென் ராபர்ட்ஸ் என்ற இரட்டையர். கோடி ஜாரட் என்ற கொள்ளைத் தலைவனைச் சித்தப்பிரமை பிடித்தவனாகவும் தாயின் அடிமையாகவும் ஆக்கலாம் என்ற யோசனை யாருடையது என்பதில் காக்னி ஒரு கதை சொன்னார், எழுத்தாளர்கள் வேறொரு கதை சொன்னார்கள். வெற்றி பெற்ற எந்தப் படத்துக்கும் இப்படிப் பல தகப்பன்மார் உண்டு. ஆனால் அந்தத் தாயின் பாத்திரத்துக்கு ஆதாரமாக நின்றவள் யார் என்பதில் இரு தரப்பாருக்கும் விவாதமே இல்லை.

✱

ஏரிக்கரை வீடு

1935 ஜனவரி 16. ஃப்ளாரிடா மாகாணத்தில் ஆக்லவாஹா என்ற சிற்றூர். வியர் என்ற ஏரியின் கரையில் இருந்த ஒரு மாடிவீட்டை விடியற்காலையில் மத்தியப் போலீஸார் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் இருவரே: ஃப்ரெட் பார்க்கர் என்ற கொள்ளைக்காரன், அவனைப் பெற்ற கேட் பார்க்கர். பல மணி நேரம் துப்பாக்கிகள் முழங்கின. ஓசை அடங்கி உள்ளே போய்ப் பார்த்தபோது தாயும் மகனும் மாடியில் பிணமாகக் கிடந்தார்கள்.

பார்க்கர் கும்பல் சாமானியமானதன்று. மினசோட்டா மாகாணத்து செயின்ட் பால் நகரில், 1933இல் வில்லியம் ஹாம் என்ற மது உற்பத்தியாளரைக் கடத்தி 1 லட்சம் டாலரும், 1934இல் எட்வர்ட் பிரெமர் என்ற வங்கி முதலாளியைக் கடத்தி 2 லட்சம் டாலரும் பறித்தவர்கள் அவர்கள். கேட்டுக்குப் பிள்ளைகள் நால்வர், நால்வரும் குற்றவாளிகள், நால்வரில் ஒருவனுக்கும் நல்ல சாவு வாய்க்கவில்லை. மூத்தவன் ஹெர்மன் 1927இல் போலீஸாரிடம் சிக்கும் தறுவாயில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். ஆர்தர் 1939இல் அல்காட்ராஸ் சிறையிலிருந்து தப்ப முயன்று சுடப்பட்டு மாண்டான். சிறையிலிருந்து விடுதலையாகி ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்த லாயிட், 1949இல், ஆம், ‘ஒயிட் ஹீட்’ வெளிவந்த அதே வருஷத்தில், மனைவியின் கையால் கொலையுண்டான்.

இதில் தாயின் பங்கு என்ன?

மத்தியப் போலீஸின் தலைவர் ஜே. எட்கர் ஹூவர், அவளே கும்பலின் மூளை, அவள் திட்டத்தில் பிறந்தவையே அத்தனை குற்றங்களும் என்று ஊரெங்கும் பிரசாரம் செய்தார். கும்பலில் இருந்த ஆல்வின் கார்ப்பிஸ் பல வருஷச் சிறைவாசத்துக்குப் பிறகு எழுதிய சுயசரிதையில் அதை அடியோடு மறுத்தான்: காரியம் பேசும் நேரங்களில் அவளை சினிமாவுக்கு அனுப்பிவிடுவார்களாம், ஒரு தாயும் பிள்ளைகளுமாகப் பிரயாணம் செய்தால் சந்தேகம் வராது என்பதற்காகவே அவளை உடன் வைத்திருந்தார்களாம். அவள் எந்தக் குற்றத்துக்காகவும் ஒருநாளும் தண்டிக்கப்பட்டதில்லை. பிள்ளைகள் செய்வது அவளுக்குத் தெரியும், அந்தப் பணத்தில் அவள் உண்டாள், ஆனால் துப்பாக்கி பிடித்தாளா என்றால் ஹூவரின் வாக்கைத் தவிர வலுவான சாட்சியம் கிடையாது. ஒரு கிழவியைச் சுட்டுக் கொன்றதற்கு அரசாங்கம் ஜனங்களிடம் ஜவாப் சொல்ல வேண்டியிருந்தபோது, அந்தக் கிழவி ராட்சசியாக இருந்தாக வேண்டியது அவசியமாயிற்று.

தாயும் மகனுமாகிய அந்த இரண்டு உடல்களும் மாதக்கணக்கில் புதைக்கப்படாமல் இருந்து, அவ்வருஷம் அக்டோபரில்தான் ஓக்லஹாமாவுக்குக் கொண்டுபோகப்பட்டு ஹெர்மனின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கமாயின.

காஃபும் ராபர்ட்ஸும் இந்த விஷயத்தில் செய்தது ஒன்றே: நாலு பிள்ளைகளை ஒரே பிள்ளையாகச் சுருக்கினார்கள். நால்வருக்குப் பங்கிட வேண்டிய பாசம் முழுவதும் ஒருவன் தலையில் இறங்கிற்று.

✱

மடி

மலைக்காட்டில் ஒரு மரவீடு. ரயிலை மறித்து அரசாங்கப் பணத்தைக் கொள்ளையடித்து, ரயிலோட்டிகளைக் கொன்றுவிட்டு வந்து ஒளிந்திருக்கும் கும்பல். ஆட்களுக்கு நடுவில் நின்று அதட்டிக்கொண்டிருந்த கோடிக்குத் திடீரென்று தலைவலி வருகிறது. தலைவலியென்றால் நாம் அறிந்த தலைவலியன்று. மண்டைக்குள் பழுக்கக் காய்ச்சிய அரத்தால் அராவுவதுபோல் அவனைக் கீழே தள்ளிவிடும் வேதனை. சிறுவனாக இருந்தபோது தாயின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பப் பொய்யாகத் தலைவலி என்று நடித்தவன் அவன். நடித்து நடித்து அது மெய்யாகிவிட்டது. அவன் தகப்பனோ பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கதறிக்கொண்டே செத்தவன்.

தாய் அவனை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்துகிறாள். இந்த நிலையில் மற்றவர்கள் அவனைப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் பயம் போய்விடும். பிடரியை நீவிவிடுகிறாள், குடிக்க மது ஊற்றித் தருகிறாள். வலி தணிந்ததும், ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் அந்த மனிதர் மெல்ல அவள் மடியில் உட்காருகிறார்.

அந்தக் கணத்தில் தியேட்டரில் யாராவது ஒருவர் சிரித்திருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும். மடியில் உட்காரலாமா என்று காக்னி கேட்டதாகவும், உட்கார்ந்து பாருங்கள் என்று வால்ஷ் இசைந்ததாகவும் சொல்வார்கள். சிரிப்பு வராமல் காத்தவர் மார்கரெட் வைச்சர்லி. 1941இல் ‘சார்ஜன்ட் யார்க்’ படத்தில் தெய்வபக்தி மிகுந்த குடியானவத் தாயாக நடித்து, தேசம் முழுவதும் கும்பிட்ட முகம் அது. அதே முகம், அதே வற்றிய கன்னங்கள், அதே நிதானம். மகனைத் தட்டிக்கொடுக்கும் கையில் மட்டும் ஒரு சேனாதிபதியின் உறுதி. உலகத்தின் உச்சிக்கு மகன் போய்ச் சேர வேண்டுமென்று அவள் வாழ்த்துகிறாள். கோடி எழுந்து, தலைவாரிவிட்டுக்கொண்டவனைப்போல் நிமிர்ந்து, வெளியே போய் மறுபடியும் ஆட்களை அதட்டுகிறான்.

கோடி ஜாரட்டுக்கு வேறு நற்குணம் ஒன்றுமே கிடையாது. மனைவி வெர்னாவை நாற்காலியோடு உதைத்துத் தள்ளுகிறான். காயம்பட்ட கூட்டாளியைச் சாகவிட்டுப் போகிறான். அவனிடம் மனுஷத்தன்மை மிஞ்சியிருப்பது தாயிடத்தில் மட்டுமே.

சட்டம் அந்த ஓரிடத்தைத்தான் பிடித்தது.

✱

ஸ்ட்ராபெரிப் பழம்

முதல் தடவை பிடித்தது ஒரு பழக்கடையில். மகனுக்கு ஸ்ட்ராபெரி பிடிக்கும் என்று, ஒளிந்திருக்கும் இடத்தை விட்டு லாஸ் ஏஞ்சலிஸ் கடைவீதிக்குத் தனியே வருகிறாள் தாய். கருவூலத் துறையின் அதிகாரிகள் அவளை அடையாளங்கண்டு, சந்தேகம் வராதபடி ஒரு காருக்குப் பதில் மூன்று கார்கள் மாறிமாறித் தொடர, அவள் வழிகாட்ட, கோடியின் வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். துப்பறியும் இலாகாவின் ரேடியோவும் வரைபடங்களும் செய்த வேலையை வால்ஷ் விஸ்தாரமாகக் காட்டுகிறார். ஆனால் அவற்றுக்கெல்லாம் துப்புக் கொடுத்தது ஒரு கூடைப் பழம்.

கோடி அகப்படவில்லை. ரயில் கொலைகளுக்கு விஷவாயு தண்டனை நிச்சயம் என்றறிந்து, அதே நேரத்தில் இல்லினாய் மாகாணத்தில் வேறு யாரோ செய்த சிறு திருட்டைத் தானே செய்ததாகச் சொல்லிச் சரணடைந்து, இரண்டொரு வருஷச் சிறைக்குப் போய்விடுகிறான். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சிறைக்குள் தாய் கூடவே இருக்க முடியாது. அந்த ஸ்தானம் காலி.

அந்தக் காலி ஸ்தானத்துக்கு அரசாங்கம் ஓர் ஆளை நியமித்தது.

விக் பார்டோ என்ற பெயரில், கைதியின் உடையில், கோடியின் அறைக்குள்ளேயே வந்து சேரும் ஹாங்க் ஃபாலன் ஓர் அதிகாரி. எட்மண்ட் ஓ’பிரையன் அந்த வேஷத்தை ஏற்றார். கோடியின் பேரில் பாரத்தை விழச்செய்து கொல்ல நடந்த சதியிலிருந்து அவனைக் காப்பாற்றுகிறான். பட்டறையில் தலைவலி வந்து கோடி சுருண்டபோது, காவலர் கண்ணில் படாமல் மறைத்து, பிடரியை நீவிவிடுகிறான். தாயின் கை எங்கே இருந்ததோ அங்கே இப்போது போலீஸின் கை.

தர்மத்தின் கட்சியார் பாசத்தை ஆயுதமாக எடுத்த கதை நமக்குப் புதிதன்று. யுத்தத்துக்கு முன்னால் கண்ணன் குந்தியைக் கர்ணனிடம் அனுப்பி வரம் வாங்கிவரச் செய்ததை வில்லிபுத்தூரார் பாடக் கேட்டிருக்கிறோம். ஆயினும் குந்தி பெற்றவள். அவள் அழுத கண்ணீரில் பாதியாவது மெய். ஃபாலனுடைய கையில் மெய் எவ்வளவு?

✱

சாப்பாட்டுக் கூடம்

தாய் ஒருநாள் சிறைக்கு வந்து, கும்பலில் இருந்த பிக் எட் என்பவன் வெர்னாவோடு ஓடிப்போனதைச் சொல்லி, அவனைத் தானே தீர்த்துவிடப் போவதாகக் கூறிப் போகிறாள். போக வேண்டாம் என்று கண்ணாடித் தடுப்புக்கு இப்பாலிருந்து மகன் கத்துகிறான்.

அதற்கப்புறம் அவளை நாம் பார்ப்பதில்லை. அவள் செத்த காட்சி படத்தில் இல்லவேயில்லை. வெர்னா அவளை முதுகில் சுட்டாள் என்பது நமக்குப் பின்னால்தான் தெரிய வருகிறது.

சிறையின் சாப்பாட்டுக் கூடம். நூற்றுக்கணக்கான கைதிகள் நீண்ட மேஜைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்; பேசக் கூடாது. வெளியிலிருந்து புதிதாக வந்த ஒரு கைதியைத் தூரத்தில் கண்ட கோடி, தன் தாய் எப்படியிருக்கிறாள் என்று பக்கத்து ஆளிடம் கேட்கச் சொல்கிறான். கேள்வி காதுக்குக் காது போகிறது. காமிரா அதோடு கூடவே மெதுவாக, ஒவ்வொரு முகமாக நகர்ந்து போகிறது. கடைசி ஆள் பதில் சொல்கிறான். பதில் வந்த வழியே திரும்பி வருகிறது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கும் ஒவ்வொரு முகமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. கோடியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பார்க்கிற நமக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்திலிருப்பவன் சொல்கிறான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல். கிண்ணத்தை அறைகிறான். முனகல் ஊளையாகிறது. மேஜைமேல் ஏறித் தவழ்ந்து, தட்டுகளைச் சிதறடித்து, தடுக்க வந்த காவலர்களை ஒவ்வொருவராக அடித்து வீழ்த்தி, கடைசியில் நாலைந்து பேர் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகும்வரையில் அந்த ஓலம் நிற்கவேயில்லை. இளவயதில் ஒரு சிநேகிதனோடு நியூயார்க்கின் வார்ட் தீவிலிருந்த மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது கேட்ட கூக்குரல்களை நினைவிலிருந்து எடுத்து நடித்ததாகக் காக்னி பிற்காலத்தில் சொன்னார். இத்தனை துணைநடிகர்களைக் கூட்டி ஒரே காட்சிக்குச் செலவழிப்பானேன், சிறைக் கோயிலில் சிக்கனமாக எடுத்துவிடலாமே என்று ஸ்டூடியோவில் ஆட்சேபம் எழுந்ததாம். நல்லவேளை, வால்ஷ் கேட்கவில்லை. அந்த நூற்றுக்கணக்கான மௌனமான முகங்கள் இல்லாவிட்டால் அந்த ஒற்றைக் குரலுக்கு அளவுகோல் ஏது?

தணிக்கை அதிகாரிகள் பயந்தது எதுவோ அதுவே நடந்துவிட்டது. அத்தனை பேரைக் கொன்றவனுக்காக ஜனங்கள் நெஞ்சு பதறினார்கள்.

✱

சரிபாதி

கோடி சிறையிலிருந்து தப்புகிறான், பார்டோவையும் கூட்டிக்கொண்டு. எட்தான் தாயைச் சுட்டான் என்று வெர்னா புளுகியதை நம்பி எட்டைக் கொல்கிறான். பழி தீர்ந்தது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

அன்றிரவு, மேலதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க நழுவிப்போகும் ஃபாலன், இருட்டில் மரங்களுக்கு நடுவே தனியாக உலாவும் கோடியின் கையில் அகப்படுகிறான். மனைவியைப் பார்க்கப் போகிறேன் என்று சமாளிக்கிறான். இந்தப் பொய்யைக் கேட்டுக் கோடி கோபப்படவில்லை. தனிமையின் கஷ்டம் தனக்கும் தெரியுமென்று ஆறுதல் சொல்கிறான். தான் இப்போது தாயோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான். தகப்பன், அண்ணன், பிறகு தான் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொள்வதிலேயே அவள் ஆயுள் போய்விட்டது, அவளுக்கென்று ஒரு சுகமும் இருந்ததில்லை என்கிறான்.

பிறகு, அடுத்த கொள்ளையில் சரிபாதி உனக்கு என்கிறான். எப்போதும் சரிபாதி வாங்கியவள் தாய்.

படத்தில் வெடிகுண்டு வெடிக்கிற இடங்கள் உண்டு. எனக்கு இதைவிடப் பயங்கரமான இடம் வேறில்லை. ஒரு கொலைகாரன் தன் வாழ்நாளில் செய்த ஒரே உதாரமான காரியத்தைத் தன்னைக் காட்டிக்கொடுக்க வந்தவனுக்குச் செய்கிறான், வாங்கிக்கொள்கிறவன் நல்லவன்.

அடுத்த நடவடிக்கைகள் வேகமாக நிகழ்கின்றன. சிறுவயதில் தாய் சொல்லிக்கொடுத்த ட்ராய் நகரத்து மரக்குதிரையின் கதையை நினைவில் வைத்து, பெட்ரோல் லாரியின் காலித் தொட்டிக்குள் ஆட்களை ஒளித்து ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் புகுந்து சம்பளப் பணத்தைக் கொள்ளையிடத் திட்டம். அந்தக் குதிரையின் வயிற்றுக்குள்ளேயே பகைவன் உட்கார்ந்திருப்பதைக் குதிரையைச் செய்தவன் அறியவில்லை. ஃபாலன் லாரியில் ரகசியமாகப் பொருத்திய ரேடியோக் கருவியின் ஒலியைப் பின்பற்றிப் போலீஸ் படை வந்து வளைத்துக்கொள்கிறது. முன்பு ஃபாலனால் கைதானவன் ஒருவன் அவனை அடையாளம் காட்டுகிறான்.

கோடி சிரிக்கிறான், அழுகிறான். போலீஸ்காரன் ஏமாற்றினான் என்பது அவனுக்குப் பெரிதில்லை; இவனை உடன்பிறந்த தம்பியாக நடத்தினேனே, பாதிப் பங்கு கொடுக்க இருந்தேனே என்றுதான் புலம்புகிறான்.

கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அந்த இறுதிக் காட்சியைப் படமாக்கினார்கள். ராட்சத உருண்டையாக நின்ற எரிவாயுக் கலத்தின் உச்சியில் தனியே ஏறி நிற்கிறான் கோடி. கீழேயிருந்து தூரதர்சினி பொருத்திய துப்பாக்கியால் ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று என்று சுடுகிறவன் ஃபாலன். கோடி ஏன் இன்னும் விழவில்லை என்று வியக்கிறான். தள்ளாடியபடியே தன் துப்பாக்கியைக் கலத்துக்குள் சுடுகிறான் கோடி; தீ எழும்புகிறது; உச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டதைத் தாயைக் கூவியழைத்துத் தெரிவிக்கிறான். ஆலை முழுவதும் வெடித்துச் சிதறுகிறது.

நான் கவனிக்கச் சொல்வது அந்தத் தீயை அன்று; துப்பாக்கி பிடித்த ஃபாலனின் முகத்தை. அதில் வெற்றி இல்லை, துக்கமும் இல்லை. அந்த முகத்தில் என்ன எழுத வேண்டுமென்று 1949இல் ஹாலிவுட்டுக்குத் தெரியவில்லை.

✱

தெரிந்துகொள்வதற்குள் காலம் மாறிவிட்டது. 1950 மே மாதத்தில் அமெரிக்க செனட் சபை, எஸ்டெஸ் கெஃபாவர் என்பவரின் தலைமையில் குற்றக் கும்பல்களைப் பற்றி விசாரிக்க ஒரு கமிட்டியை நியமித்தது. ஊர் ஊராக விசாரணை நடந்தது. 1951இல் நியூயார்க் விசாரணையை ஜனங்கள் வீட்டிலிருந்தபடியே டெலிவிஷனில் பார்த்தார்கள். முகத்தைக் காட்டக் கூடாதென்று ஃப்ராங்க் காஸ்டெல்லோ ஆட்சேபித்ததால் அவருடைய கைகளை மட்டுமே காட்டினார்கள். தலைவலியால் சுருளுகிறவனும் இல்லை, தாய்மடி தேடுகிறவனும் இல்லை; கணக்குப் புத்தகமும் வக்கீலும் உடையவன்தான் கொள்ளைத் தலைவன் என்று தேசம் கண்டுகொண்டது.

சினிமா அந்தப் புது மனிதனை 1953இல் ஒரு பெரிய பங்களாவில் குடிவைத்தது. ஃப்ரிட்ஸ் லாங் டைரக்ட் செய்த ‘தி பிக் ஹீட்’ படத்தில், நகரத்தையே விலைக்கு வாங்கிவிட்ட மைக் லகானா, மகளுக்காக விருந்து நடத்துகிறான். சுவரில் காலஞ்சென்ற தாயின் படத்தைப் பக்தியோடு மாட்டிவைத்திருக்கிறான். கொலையைப் பற்றிய பேச்சைத் தன் வீட்டுக்குள் எடுத்துவந்த போலீஸ் அதிகாரியின் பேரில், வீட்டின் புனிதம் கெட்டதென்று உண்மையாகவே கோபப்படுகிறான். கோடி தாய்க்காகக் கொன்றான். லகானா தாயின் படத்தை வைத்துக்கொண்டு கொலைக்கு உத்தரவிடுகிறான். இவனுடைய பக்தியும் மெய்தானா, அல்லது காஸ்டெல்லோவின் முகத்தைப்போல அதுவும் நமக்குக் காட்டப்படாமலே போகுமா?